கண் கூசும் வெளிச்சம்



இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய விடயம். இரவில் நாம் கையிலும் நெற்றியிலும் சைக்கிளிலும் கொண்டு திரிகிற வெளிச்சத்தைப் பற்றியது. வெளிச்சம் போதாது என்று முறையிட நமக்கு நல்ல பழக்கம் உண்டு. வெளிச்சம் கூடிப்போயிற்று என்று ஒருவர் வானொலியில் வந்து முறையிடுவது சிலருக்குச் சிரிப்பைத் தரக்கூடும். அதிலும் ஆண்டுக்கணக்காக மின்சாரம் இல்லாமல் இருந்த யாழ்ப்பாணத்தவன் ஒருவன் இதைச் சொன்னால் சிரிப்பு இன்னும் கூடும். சிரியுங்கள், ஆனால் முடிவுவரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தமிழிலே ஒரு சொல் இருக்கிறது. கடும் வெளிச்சம் முகத்தில் பட்டால் 'கண் கூசுகிறது' என்கிறோம். சபையிலே எழுந்து பேசத் தயங்குகிறவனையும் 'கூச்சப்படுகிறான்' என்கிறோம். தகாத ஒன்றைச் செய்துவிட்டு நாலு பேர் முன்னால் நிற்க நேர்ந்தால் உடம்பே கூசிப்போகிறது. கண்ணுக்கு வருவதையும் மனத்துக்கு வருவதையும் ஒரே சொல்லாலே குறித்த நம் முன்னோர் எதை நினைத்துச் செய்தார்களோ நான் அறியேன். ஆனால் ஓர் இரவு, ஒரே நொடியிலே, ஒருவருடைய கண் கூசியதையும் என் மனம் கூசியதையும் நான் அனுபவித்திருக்கிறேன். வெளிச்சம் பிடித்தவன் நான்தான். ஆகவே இந்தப் பேச்சு முறைப்பாடு மட்டுமன்று; குற்ற ஒப்புதலும் ஆகும்.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கையின் மகன், நெற்றியிலே கட்டிக்கொள்கிற விளக்கு ஒன்றை எனக்குக் கொண்டுவந்து தந்தான். "மாமா, இரவில தோட்டத்துக்குத் தண்ணி விடப் போகேக்க இதைக் கட்டிக்கொண்டு போங்கோ. ரண்டு கையும் சும்மா இருக்கும்" என்றான். அவன் சொன்னது உண்மைதான். மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு மூன்றாவது கை வந்தது போல இருந்தது. பெட்டியிலே 600 லூமென் என்று எழுதியிருந்தது. லூமென் என்பது ஒரு விளக்கிலிருந்து வெளிவரும் ஒளியின் அளவு. ஒரு மெழுகுதிரி ஏறத்தாழ 12 லூமென் தரும். இரண்டு பற்றரி போட்டு நாம் முன்பு பிடித்த பழைய ரோச் லைற் 15, 20 லூமெனைத் தாண்டாது. 600 லூமென் என்றால், முன்பு வீட்டு விறாந்தையிலே எரிந்த 60 வாற் மின்குமிழின் வெளிச்சத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அந்தக் குமிழ் தன் வெளிச்சத்தை விறாந்தை முழுவதும் எல்லாப் பக்கமும் சிந்தும். நெற்றி விளக்கோ அவ்வளவையும் குவித்து ஒரே பக்கம் அனுப்பும். இப்போது கடைகளிலே 1000 லூமென் விளக்குகளும் தாராளமாகக் கிடைக்கின்றன.

இனி நடந்ததைச் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டின் மின்வெட்டை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த ஆண்டு மார்ச் மாத முடிவிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரையும் மின்சாரம் நின்றது. பெற்றோல் கிடைக்காமல் எல்லாரும் பழையபடி சைக்கிளை எடுத்த காலம். அப்படி ஓர் இரவு, ஏழரை மணி இருக்கும், நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கையால் நடந்து வந்துகொண்டிருந்தேன். முன்னாலே ஒரு சைக்கிள் மெதுவாக வரும் சத்தம் கேட்டது. யாரென்று பார்க்க நிமிர்ந்தேன். நெற்றியில் விளக்கைக் கட்டியவன் நிமிர்ந்தால் விளக்கும் நிமிரும் அல்லவா? முழு வெளிச்சமும் வந்தவர் முகத்திலே விழுந்தது.

வந்தவர் எங்கள் ஒழுங்கையின் அடுத்த முடக்கிலே இருக்கிற அண்ணை. எழுபதைத் தாண்டியவர். நாற்பது வருடமாக என்னைத் தெரிந்தவர். அவர் என்ன செய்தார் தெரியுமா? பிறேக்கைப் பிடித்தார். சைக்கிளால் இறங்கினார். சைக்கிளை இடுப்போடு சாய்த்துக்கொண்டு, ஒரு கையை விரித்து உயர்த்தியபடி, மற்றக் கையாலே சேட் பொக்கற்றுக்குள் தடவி, அடையாள அட்டையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே நீட்டினார்.

ஒரு சொல்லும் பேசவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு நீட்டினார்.

நான் பதறிப்போய், "அண்ணை, நான்தான்! நான்தான்!" என்று விளக்கைக் கழற்றப் போனேன். அவசரத்திலே அதுவும் கழறவில்லை. "ஓ, நீரே?" என்றார் அண்ணை. அட்டையைத் திரும்பப் பொக்கற்றுக்குள் வைத்தார். "நீர் எண்டு தெரியேல்லை. வெளிச்சம் மட்டுந்தான் தெரிஞ்சது. பழக்கம், கை தன்ரை பாட்டிலை போகுது" என்றார். சிறிது நேரம் இருவரும் பேசாமல் நின்றோம். பிறகு அவர்தான் சொன்னார்: "உதை உம்மடை முகத்திலை ஒருக்காப் பிடிச்சிருந்தால், நானே உம்மைக் கூப்பிட்டிருப்பன்."

இந்தச் சம்பவத்தின் பாரம் 1990களில் வடக்கிலே வாழாதவர்களுக்கு உடனே விளங்காமல் போகலாம். இரவிலே முகத்தில் விழுகிற வெளிச்சத்துக்கு அந்நாளில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. வெளிச்சத்துக்கு இந்தப் பக்கம் நிற்பவன் முழுதாகத் தெரிவான். அவனுடைய முகமும் கையும் பையும் நடுக்கமும் தெரியும். அந்தப் பக்கம் நிற்பவர் யார், எத்தனை பேர், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று இவனுக்கு ஒன்றும் தெரியாது. குரல் மட்டும் வரும். சில வேளை குரலும் வராது. சோதனைச் சாவடியிலே சைக்கிளால் இறங்குவதும், அட்டையை எடுப்பதும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதும் உடம்பிலே ஊறிய பழக்கங்களாயின. நாட்டின் பல பாகங்களிலும் இரவிலே வாகனத்தில் வருபவர்கள் சாவடிக்குக் கிட்ட வரும்போது முன் விளக்கைத் தணித்து, வாகனத்தின் உள் விளக்கைப் போட வேண்டியிருந்தது. உன் வெளிச்சத்தால் எங்கள் கண்ணை மறைக்காதே, உன் முகத்தை எங்களுக்குக் காட்டு என்பதே அதன் கருத்து. வெளிச்சம் யார் முகத்திலே விழுகிறது என்பதிலே எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதைச் சாவடியிலே நின்ற இரு தரப்பாரும் நன்றாக அறிந்திருந்தார்கள்.

அப்படியான காலத்தைக் கடந்து வந்த மனிதர் ஒருவரின் முகத்திலே, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதற்கென்று கிடைத்த விளக்கைக்கொண்டு, எதையும் யோசிக்காமல் அதே காரியத்தை நான் செய்துவிட்டேன். எனக்குத் தீய எண்ணம் எதுவும் இருக்கவில்லை. யார் வருகிறார் என்று பார்க்கத்தான் நிமிர்ந்தேன். ஆனால் வெளிச்சத்துக்குள்ளே நிற்பவருக்கு என் எண்ணம் எப்படித் தெரியும்?

அண்ணைக்கு ஏன் என்னைத் தெரியவில்லை என்பதற்குக் கண்ணின் அமைப்பிலே காரணம் இருக்கிறது. நமது விழித்திரையிலே ஒளியை உணரும் கலங்கள் இரு வகை. கூம்பு என்பவை பகலுக்கும் நிறத்துக்கும் உரியவை. கோல் என்பவை மங்கல் வெளிச்சத்துக்கு உரியவை. கோல்களிலே றொடொப்சின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. கடும் வெளிச்சம் பட்டவுடன் அது வெளிறிச் சிதைந்துவிடும். இருட்டிலே இருந்தால்தான் மெல்ல மெல்லத் திரும்ப உண்டாகும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போன கண், கூம்புகளின் அளவிலே பழகிக்கொள்ளப் பத்து நிமிடம் வரை வேண்டும். கோல்கள் முழுதாக விழித்துக்கொள்ள அரை மணித்தியாலமும் அதற்கு மேலும் செல்லும். கண்மணி விரிவதால்தான் இருட்டிலே பார்வை வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கண்மணி 2 மில்லிமீற்றரிலிருந்து 8 மில்லிமீற்றருக்கு விரிந்தாலும் உள்ளே வரும் ஒளி 16 மடங்குதான் கூடும். மீதிப் பல்லாயிரம் மடங்கும் விழித்திரை செய்கிற பொறுமையான வேலை. அரை மணி நேரம் இருட்டிலே நடந்து வந்து ஒருவர் சேர்த்த பார்வையை, எதிரே வந்தவர் ஒரு நொடியிலே பறித்துக்கொண்டு போய்விடுகிறார். அவர் போன பிறகு இருட்டு முன்னிருந்ததைவிட இருட்டாக இருக்கிறது. மதகும் தெரியாது, பள்ளமும் தெரியாது, வேலிக்கரையில் படுத்திருக்கும் மாடும் தெரியாது.

வயது போனவர்களுக்கு இது இன்னும் மோசம். வயதோடு கண்வில்லை மஞ்சளித்துப் புகைகிறது. உள்ளே வரும் கடும் ஒளி அந்தப் புகைச்சலிலே பட்டுச் சிதறி, விழித்திரை முழுவதும் வெள்ளைத் திரையொன்றை விரித்துவிடுகிறது. கண்புரை தொடங்கியவர்களுக்கு, எதிரே வருகிற விளக்கைச் சுற்றி ஒளி வட்டம் வளர்ந்து வழியை மூடிவிடும். வெளிச்சம் பட்டபின் பார்வை மீள்வதற்கும் அவர்களுக்குக் கூடிய நேரம் எடுக்கும். கடைக்கார இளைஞன் தன் கண்ணாலே பார்த்து "நல்ல வெளிச்சம் ஐயா" என்று விற்கிறான். ஒழுங்கையிலே எதிரே வருபவரின் கண் அவனுடைய கண் அன்று.

இந்தப் புதிய வெளிச்சத்தின் பிறப்பையும் சொல்ல வேண்டும். நாம் எல்.ஈ.டி. என்கிற விளக்கிலே சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தன. பிரகாசமான நீலம் மட்டும் நெடுங்காலம் கைகூடவில்லை. ஜப்பானிலே 1993ஆம் ஆண்டு சுஜி நக்கமுறா என்பவர் மிகப் பிரகாசமான நீல எல்.ஈ.டி.யை வெளிக்கொண்டு வந்தார். இத்துறையிலே உழைத்த இசாமு அக்கசாக்கி, ஹிறோஷி அமானோ ஆகியோருக்கும் அவருக்கும் 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நீலத்தின் மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சைப் பூசினால் வெள்ளை வெளிச்சம் வந்துவிடும். குறைந்த மின்சாரத்திலே கூடிய வெளிச்சம்; ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் படிக்க விளக்கு. உலகம் நன்றி சொல்ல வேண்டிய காரியம்தான். ஆனால் நீலம் கூடிய வெள்ளொளி, அதே அளவு மஞ்சள் ஒளியைவிடக் கண்ணைக் கூடுதலாகக் கூசச் செய்கிறது. அந்தச் சிறு வித்தியாசத்தை விளக்கு வாங்குகிறபோது நாம் யோசிப்பதில்லை.

அதே 1993இலே நாங்கள் என்ன விளக்கு வைத்திருந்தோம்? ஜாம் போத்தல் விளக்கு. பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்கு யானை விலை. ஒரு ஜாம் போத்தலுக்குள்ளே கொஞ்சம் எண்ணெயும் ஒரு திரியும் விட்டு, சுடரைப் போத்தலுக்குள்ளேயே எரியவிடுவோம். காற்றும் அணைக்காது, எண்ணெயும் வீணாகாது. அந்தச் சிறு சுடரைச் சுற்றிப் பிள்ளைகள் இருந்து பரீட்சைக்குப் படித்தார்கள். அந்த நாட்கள் திரும்ப வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் புகையிலே கெட்ட கண்களும் நெஞ்சுகளும் எத்தனையோ. அதை ஆசைப்பட்டு ஏற்றியவர் எவருமில்லை. ஆனால் அந்த இல்லாமையிலே எங்களிடம் இருந்த ஒரு பண்பு, வெளிச்சம் வந்தபோது எங்கேயோ தவறிப்போயிற்று என்பதுதான் என் கவலை.

எங்கள் அம்மம்மா இரவிலே படலையடியில் யாரும் கூப்பிட்டால் கைவிளக்கை எடுத்துக்கொண்டு போவா. வந்தவருக்கு அருகே போனதும் விளக்கைத் தன் முகத்துக்குக் கிட்ட ஒருதரம் உயர்த்துவா. "ஆரது, வாங்கோ" என்பா. பிறகு விளக்கைத் தாழ்த்தி, வந்தவருடைய காலடியிலே வெளிச்சம் விழும்படி பிடித்துக்கொண்டு முன்னாலே நடப்பா. தன் முகத்தை முதலிலே காட்டுவது, பிறகு வந்தவருக்கு வழியைக் காட்டுவது. சிறு பிள்ளையாக அவவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போன எனக்கு அது ஒரு விடயமாகவே தெரியவில்லை. அண்ணை அன்றிரவு "உம்மடை முகத்திலை பிடிச்சிருந்தால்" என்று சொன்னபோதுதான் அம்மம்மா செய்தது என்னவென்று விளங்கியது.

சைக்கிள் டைனமோவையும் நினைத்துப் பாருங்கள். 6 வோல்ற், 3 வாற். சக்கரத்திலே உரசிக்கொண்டு சுழலும்; காலின் உழைப்புத்தான் வெளிச்சம். மின்சாரமும் பற்றரியும் இல்லாத நாட்களிலே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாலே சுற்றி, அந்த டைனமோவினால் வானொலிப் பெட்டியைப் பாட வைத்துச் செய்தி கேட்ட ஊர் எங்கள் ஊர். இன்று இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களிலே அப்படிச் சுற்றிய கைகள் சில இருக்கும். அந்த டைனமோவிலே ஒரு குணம் இருந்தது. எதிரே தெரிந்தவர் வந்தால் வேகத்தைக் குறைப்போம், வெளிச்சமும் குறையும். கால் ஊன்றி நின்று கதைக்கத் தொடங்கினால் விளக்கு அணைந்தேவிடும். இருவரும் நட்சத்திர வெளிச்சத்திலே நின்று கதைப்போம். கொஞ்ச நேரத்திலே ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியத் தொடங்கிவிடும். மரியாதையை நாங்கள் கற்றுக்கொள்ளத் தேவை இருக்கவில்லை, டைனமோவே பார்த்துக்கொண்டது.

நெற்றி விளக்கின் குணம் இதற்கு நேர் எதிரானது. கையிலே பிடிக்கிற ரோச் லைற் இயல்பாகவே நிலத்தைப் பார்க்கும். ஒருவர் முகத்திலே அதைப் பிடிக்கவேண்டுமானால் கையை உயர்த்தியாக வேண்டும். நெற்றியிலே கட்டியது நம் பார்வை போகிற இடமெல்லாம் போகும். ஒருவரோடு கதைக்கும்போது அவர் கண்ணைப் பார்த்துக் கதைப்பதுதானே பண்பு? அந்தப் பண்பே இங்கே துன்பமாகிவிடுகிறது. எவ்வளவு அன்போடு பார்க்கிறோமோ அவ்வளவுக்கு அவருடைய கண் கெடுகிறது.

சிவனொளிபாத மலைக்கு இரவிலே ஏறியவர்கள் இதை அனுபவித்திருப்பார்கள். சூரியோதயம் பார்க்கவென்று ஆயிரக்கணக்கானோர் இருட்டிலே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளிலே ஏறுகிறார்கள். மேலே இருந்து இறங்கி வருபவரின் நெற்றி விளக்கு, கீழே இருந்து ஏறுகிற தாய்மாரின் கண்ணுக்கு நேரே நிற்கும். இறங்குபவருக்குத் தன் படி நன்றாகத் தெரிகிறது. ஏறுகிற அம்மா, எடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கம்பியைத் தடவுகிறார். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வருகிற இரவு பஸ்ஸிலும் இதே கதைதான். ஒருவருடைய ஒற்றைச் செருப்பு ஆசனத்துக்குக் கீழே போய்விடும். அவர் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் போட்டுக் குனிந்து தேடுவார், வெளிச்சம் குனியாது. செருப்பு கிடைக்கும், பஸ்ஸிலே பாதிப்பேர் விழித்திருப்பார்கள். ஆஸ்பத்திரி வார்ட்டிலே இரவிலே நோயாளியைப் பார்க்க வருபவர்களைப் பற்றியும் சொல்லலாம். தங்கள் நோயாளியின் கட்டிலைக் கண்டுபிடிக்குமுன் பத்து நோயாளிகளின் முகங்களை அவர்கள் பார்த்துவிடுகிறார்கள்.

தெருவிலே இன்னொரு தொல்லை. பழைய இழைக் குமிழுக்கென்று செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள், ஓட்டோ விளக்குக் குழிவுக்குள்ளே எல்.ஈ.டி. குமிழை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். குழிவின் வளைவு இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் கொஞ்சம் மாறினாலும் கதிர்கள் நிலத்துக்குப் போகாமல் மேலே சிதறும். ஓட்டுபவர் 'இப்போதுதான் நல்ல வெளிச்சம்' என்று மகிழ்வார். ஜேர்மனியிலே சைக்கிள் விளக்குக்குக்கூட, ஒளி குறித்த உயரத்துக்கு மேலே போகாமல் வெட்டப்பட்டிருக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனத்துக்குள்ள ஒழுங்கைச் சைக்கிளுக்கும் வைத்திருக்கிறார்கள்.

கடல் ஆமைகளுக்கும் இந்த வழக்கிலே ஒரு பங்கு உண்டு. இலங்கைக் கரைகளிலே ஐந்து இன ஆமைகள் முட்டையிட வருகின்றன. தங்காலைக்கு அருகே றேக்கவக் கடற்கரை இதற்குப் பேர்பெற்றது. இரவிலே கரையேறும் தாய் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடுவதுண்டு. மணலுக்குள்ளிருந்து வெளிவரும் குஞ்சுகளோ வெளிச்சமான பக்கத்தையே கடல் என்று நம்பி நடக்கின்றன. மனிதர் இல்லாத கரையிலே அந்த நம்பிக்கை பிழைக்காது. கரையின் மரங்களைவிடக் கடலின் மேலுள்ள வானமே வெளிச்சமாயிருக்கும். ஆமை பார்க்கப் போனவர் கையிலே விளக்கிருந்தால், குஞ்சு அவரைக் கடல் என்று எண்ணி அவரிடம் வரும். ஆகவேதான் அங்கே வெள்ளை விளக்கைத் தவிர்த்து, மங்கலான சிவப்பு விளக்கை மட்டும் பிடிக்கச் சொல்கிறார்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு நேயர்களிலே ஒருவர் கேட்கலாம்: "பாம்பு கிடக்கிற ஒழுங்கையிலே விளக்கில்லாமல் நடக்கச் சொல்கிறீரா? வகுப்பு முடிந்து தனியே வருகிற பெண்பிள்ளைக்கு வெளிச்சம் ஒரு துணை அல்லவா?" நியாயமான கேள்வி. விரியன் பாம்பு கிடப்பது நிலத்திலே. நிலத்தைப் பார்க்கிற விளக்குத்தான் அதைக் காட்டும். கண்ணுக்கு நேரே பிடித்த விளக்கு பாம்பைக் காட்டாது. தனியே வருகிற பிள்ளைக்கு விளக்கு அவசியம்தான். ஆபத்து என்று தோன்றினால் அவள் யார் முகத்திலும் பிடிக்கட்டும், அது அவளுடைய உரிமை. ஆனால் ஆபத்துக்கென்று உள்ள முறையை வழிப்போக்கர் எல்லாருக்கும் நாம் வழக்கமாக்கிவிடக் கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள். கடும் வெளிச்சம் பிடிப்பவருக்கும் அந்த வட்டத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அவருடைய கண்ணும் அந்த வெளிச்சத்துக்கே பழகிவிடுகிறது. வேலிக்கு அப்பாலே நிற்பவன் அவரைக் காண்பான். அவர் அவனைக் காணார். விளக்கு கூடக்கூட, சுற்றியுள்ள இருட்டும் கூடுகிறது.

இலக்கிய நேயர்களுக்கு இந்த இடத்திலே திருக்கோவலூர்க் கதை நினைவுக்கு வரக்கூடும். மழை பெய்த ஓர் இரவிலே, ஒடுங்கிய இடைகழி ஒன்றிலே பொய்கையாழ்வார் ஒதுங்கினார். ஒருவர் படுக்கலாம் என்ற அளவு இடம். பூதத்தாழ்வார் வந்தார், இருவர் இருக்கலாம் என்றார்கள். பேயாழ்வார் வந்தார், மூவர் நிற்கலாம் என்றார்கள். அந்த இருட்டிலே நாலாவதாக ஒருவர் வந்து நெருக்குவதை மூவரும் உணர்ந்தார்கள். முன்னைய இருவரும் பாட்டினாலே விளக்கேற்றினார்கள், மூன்றாமவர் கண்டுகொண்டார். இந்தக் கதையிலே எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு. இருட்டிலே முகம் தெரியாமல் நின்றபோதே அவர்கள் ஒருவருக்கொருவர் இடம் கொடுத்துவிட்டார்கள். நீ யார் என்று கேட்டு முகத்திலே வெளிச்சம் பிடித்தபிறகு இடம் கொடுக்கவில்லை. விளக்கு பிறகுதான் வந்தது. அந்த விளக்கும் அங்கே நின்ற எவருடைய கண்ணையும் கூசச் செய்ததாகக் கதை சொல்லவில்லை.

ஆழ்வார்கள் ஏற்றிய விளக்கை நாம் ஏற்றமுடியாது. நம்மால் முடிந்த சில சிறு காரியங்கள் இருக்கின்றன. நெற்றி விளக்கிலே வெளிச்சத்தைக் குறைக்கும் பொத்தான் இருக்கிறது; நடப்பதற்கு மிகக் குறைந்த வெளிச்சமே போதும். விளக்கை நிலத்தை நோக்கிச் சரித்துவிடலாம். யாரும் எதிரே வந்தால் உள்ளங்கையாலே மூடலாம். விரல்களுக்கிடையே கசிகிற சிவப்பு வெளிச்சம் இருவருக்கும் வழி காட்டும். நின்று கதைப்பதானால் அணைத்துவிடலாம். சைக்கிள் விளக்கைச் சில யார் தூரத்திலே நிலத்தில் விழும்படி திருப்பி முறுக்கிவிடலாம். கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு குனிபவர் அதையும் நிலத்தோடு சேர்த்துப் பிடிக்கலாம். இதற்கெல்லாம் காசு செலவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு நான் நெற்றி விளக்கைத் தோட்டத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஒழுங்கையிலே போகும்போது சிறிய ரோச் லைற் ஒன்றைக் காலடியிலே பிடித்துக்கொண்டு போகிறேன். அண்ணையின் சைக்கிள் சத்தம் கேட்டால் அதை ஒருதரம் என் முகத்துக்கு உயர்த்தி, "அண்ணை, நான்தான்" என்கிறேன். "தெரியுது, தெரியுது, கீழை பிடியும்" என்பார் அவர். சைக்கிளால் இறங்காமலே போய்விடுவார்.

அவர் இறங்காமல் போவதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற ஆறுதலை என்னால் சொல்ல முடியவில்லை. இன்றிரவு வெளியே போகிற நேயர்கள் தங்கள் வெளிச்சம் யார் முகத்திலே விழுகிறது என்று ஒருதரம் பார்த்துக்கொண்டால், நான் பேசியது வீண்போகாது.